டொக்டரின் கடைசிப் பந்தியும் என்னுடைய பகிடியும்

ஒரு பகிடியைக் காப்பாற்றுவதற்காக ஒரு டொக்டரின் கட்டுரையில் கடைசிப் பந்தியை வெட்டி எறிந்தவன் நான். பகிடியாவது நல்ல பகிடியா என்றால், அதுவும் இல்லை. கிளினிக்குக்கு இரத்தம் சோதிக்க வந்த ஒருவர், இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தாதியிடம் சத்தியம் பண்ணுகிறார். அப்படியென்றால் வழியில் தின்ற பணிஸின் சீனியை மீசையிலிருந்து முதலில் துடையுங்கோ என்கிறாள் தாதி. அவ்வளவுதான். இதை வாசித்து யாரும் சிரித்ததை நான் கண்டதில்லை. எழுதிய அன்று நான் மட்டும் இரண்டு தரம் சிரித்தேன், மனைவியைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினேன். அவள் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று போய்விட்டாள்.

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஃபோட்டோ கொப்பி, தட்டச்சு, கலியாணக் கார்ட், நினைவஞ்சலி எல்லாம் செய்வேன். எங்கள் வாசிகசாலைக்காரர் மாதா மாதம் வெளியிடும் நாலு பக்கத் தாளும் இந்தக் கடையில்தான் உருவாகும். அதற்கு ஆசிரியர் நான், பக்கம் கட்டுகிறவன் நான், பிழை பார்க்கிறவனும் நான். அதனால் பிழைகள் எல்லாம் எந்தச் சேதமும் இல்லாமல் அப்படியே அச்சுக்குப் போய்ச் சேரும். ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் கோயில் வாசலில் கொஞ்சம் கொடுப்போம், வெள்ளிக்கிழமை பள்ளிவாசலடியில் கொஞ்சம், மீதி தேத்தண்ணிக் கடைகளில். ஃபோனில் கேட்பவர்களுக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புவேன்.

மூன்றாம் பக்கம் சுகாதாரத்துக்கு. சுகாதாரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், என் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். வாட்ஸ்அப்பில் வருவதை எடுத்து, கீழே இருக்கும் பூப்படத்தைக் கழற்றிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் போடுவேன். ஒருமுறை, வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்தால் கண்ணாடியைக் கழற்றி எறியலாம் என்று போட்டேன். ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சைக்கிளில் போய், நடுவீதியில் நின்ற கழுதையோடு மோதினார். அவருக்கும் காயமில்லை, கழுதைக்கும் காயமில்லை. அடுத்த இதழில் அதையே பகிடியாக எழுதி ஒரு மூலையை நிரப்பினேன். அந்த நேரம் அது எனக்கு வருமானமாகத்தான் பட்டது.

டொக்டர் வந்தது அதற்குப் பிறகு. இளம் பிள்ளை, வெளியூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து சேர்ந்தவ. சேட்டிபிக்கற் கொப்பி எடுக்க வந்த இடத்தில், மேசையில் கிடந்த பழைய தாளைத் தூக்கி மூன்றாம் பக்கத்தை வாசித்தா. இதை எழுதினது ஆர் என்று கேட்டா. வாட்ஸ்அப்பில் வந்தது என்றேன். வாட்ஸ்அப்புக்கு அனுப்பினது ஆர் என்று கேட்டா.

"அப்ப இது பிழைச்சா, சனம் ஆரைப் போய்க் கேக்கிறது அண்ணை?" என்றா.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற மாதிரித்தான் இருந்தது. கொப்பிகளை உறைக்குள் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றால் மாதம் ஒன்று தானே எழுதித் தருகிறேன் என்றா. எழுதுவதற்குக் கீழே தன்னுடைய பெயரைப் போடச் சொன்னா, சனம் கேட்பதற்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு சொல் மாற்றுவதென்றாலும் தனக்குச் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். ஓம் ஓம் என்றேன். நான் ஓம் சொல்வதில் எப்போதும் கெட்டிக்காரன்.

அந்தப் பக்கத்தை ஒழுங்காக வாசித்த முதல் ஆள், நான் ‘நானா’ என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணர். எருக்கலம்பிட்டிக்காரர், கருவாட்டு வியாபாரி, என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கீரிக் கடற்கரையில் மீன் எடுத்து, தன்னுடைய வாடிக் கொட்டிலில் காயப்போட்டு, கொழும்புக்கு அனுப்புகிறவர். மன்னார் ரவுணுக்கு வந்தால் என் கடைக் கதிரையில்தான் இருப்பு. அவருக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இரண்டு விதக் குளிசை போடுகிறவர். தாளின் முதல் பக்கத்தில் நான் எழுதும் ஆசிரியர் தலையங்கத்தை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால், "அதுல மருந்து ஒண்டும் இல்லையே தம்பி" என்பார்.

நோன்பு மாதம் வருவதற்கு முந்திய இதழுக்கு டொக்டர் சீனி வருத்தக்காரருக்கும் நோன்புக்குமாக ஒரு கட்டுரை தந்தா. நல்ல கட்டுரை. நோன்பு திறக்கிறபோது பேரீச்சம்பழத்தையும் சர்பத்தையும் கண்டபடி உள்ளே தள்ளாமல் இருப்பது, கஞ்சியில் எவ்வளவு, தண்ணீர் எப்போது என்று எல்லாம் இருந்தது. காலைக் குளிசையை நோன்பு திறந்த பிறகும், இரவுக் குளிசையை விடியப்புற ஸஹர் சாப்பாட்டோடும் போடலாம் என்றும் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கடைசிப் பந்தி.

பக்கம் கட்டி முடித்து, அச்சுக்கு அனுப்ப வேண்டிய பின்னேரம், பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் தகப்பனின் படத்தோடு வந்து நின்றார். ஆண்டு நினைவஞ்சலி. வெளிநாட்டில் இருக்கும் தம்பி படத்தை அப்போதுதான் அனுப்பினாராம். எங்கள் ஊரில் கலியாண அறிவித்தலை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், செத்தவரைத் தள்ள முடியாது. மூன்றாம் பக்கத்தில்தான் இடம் எடுக்கலாம் போலிருந்தது. அங்கே இருந்தவை டொக்டரின் கட்டுரையும், மூலையில் என்னுடைய பணிஸ் சீனிப் பகிடியும்.

கடைசிப் பந்தியின் முதல் வரியை வாசித்தேன். மேலே சொன்னவை எல்லோருக்கும் பொருந்தாது, உங்கள் டொக்டரிடம் கேளுங்கள் என்று தொடங்கியது. எல்லாச் சுகாதாரக் கட்டுரைக்கும் கடைசியில் தொங்குகிற வால்தானே இது என்று நினைத்தேன். அதற்கு மேல் வாசிக்கவில்லை. ஃபோன் கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. எடுத்துக் கேட்டிருந்தால், அப்ப அந்தப் பகிடியை எடுங்கோவன் என்று சொல்லுவா என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எடுக்கவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பிறகு பலபேரிடம் சொல்லியிருக்கிறேன், இங்கே சொல்ல மாட்டேன். பந்தியை அழித்தேன். பெரியவரின் படம் அந்த இடத்தில் அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. மூலையில் பகிடி பத்திரமாக இருந்தது. டொக்டரின் பெயரும் கட்டுரைக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

நோன்பு தொடங்கி இரண்டாவது வாரம், மத்தியானம் போல, நானாவின் மருமகன் ஃபோன் எடுத்தார். வாடியில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது நானா கட்டிலில் கிடந்தார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது, நெற்றியில் கட்டு. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. என்னைத் தெரியாத நானாவை அன்றுதான் முதல் தரம் பார்த்தேன்.

அவருடைய மனைவி, நான் மச்சி என்று கூப்பிடுகிறவ, நடந்ததைச் சொன்னா. அவர் போடுகிற இரண்டு விதக் குளிசையில் ஒன்று சீனியை நல்லாக் கீழே இறக்கிவிடும் சாதி. அதைத்தான் இரவுக்கு இரண்டாகப் போடுகிறவராம். கட்டுரையில் உள்ளபடி அந்த இரண்டையும் ஸஹரோடு போட்டுக்கொண்டு, பகல் முழுக்கப் பட்டினி இருந்திருக்கிறார். முதல் நாட்களிலேயே பின்னேரத்தில் கை நடுங்கியதாம், வேர்த்துக் கொட்டியதாம். நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம்தானே என்று பொறுத்துக்கொண்டாராம். அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்பே நடுக்கம் வந்திருக்கிறது. வேலையாட்கள் தண்ணீர் குடிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. கருவாடு காயும் பந்தலுக்குக் கீழே அப்படியே சாய்ந்துவிட்டார்.

"பேப்பரைப் பாத்துத்தான் எல்லாம் செஞ்சவர்," என்றா மச்சி. "குளிர்ப்பெட்டியில ஒட்டி வச்சிருக்கிறார்."

வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் வேறு பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்த டொக்டர் பிள்ளைக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும், தெரியாத விஷயத்தை எழுத வந்தது ஏன் என்று ஒருவர். எங்கட ஆட்கள் இனி அவவிட்டக் காட்டப் போகக்கூடாது என்று இன்னொருவர். நான் நடுவில் நின்றேன். எல்லோருக்கும் தலையாட்டினேன். யாருக்குத் தலையாட்டுகிறேன், எதற்குத் தலையாட்டுகிறேன் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்து ஒரு வசனம் சொன்னால் போதும். சொல்லவில்லை. ஒருவர் என் தோளில் தட்டி, உங்களையும் அந்தப் பிள்ளை ஏமாத்திப் போட்டுது என்று ஆறுதல் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கணினியைத் திறந்து, டொக்டர் அனுப்பிய கட்டுரையைத் தேடி எடுத்து, கடைசிப் பந்தியை முதல் தரமாக முழுவதும் வாசித்தேன். சீனியை மட்டுமீறி இறக்காத வகைக் குளிசை மட்டும் போடுகிறவர்களுக்குத்தான் மேலே சொன்ன நேரமாற்றம் என்று இருந்தது. சீனியை நல்லாக் கீழே இறக்கும் குளிசை போடுகிறவர்களும் ஊசி போடுகிறவர்களும் தாங்களாக எதையும் மாற்றக்கூடாது, நோன்புக்கு முன்பே கிளினிக்குக்கு வாருங்கோ, அளவைக் குறைக்க வேண்டி வரும் என்று இருந்தது. நடுக்கம், வேர்வை, தலைச்சுற்று வந்தால், நோன்பு திறக்க எவ்வளவு கொஞ்ச நேரம் இருந்தாலும் அந்த இடத்திலேயே இனிப்பாக ஏதாவது குடித்து நோன்பை விடுங்கோ என்று இருந்தது. அதற்கு மார்க்கத்தில் இடம் உண்டா என்று மௌலவி ஒருவரிடம் போய்க் கேட்டதாகவும், உண்டு, பிறகு அதற்குப் பதிலாக நோற்கலாம் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தா. நோன்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்களே, அதற்கான மறுமொழி அங்கே இருந்தது. வால் என்று நினைத்து நான் வெட்டினது தலையை.

அடுத்த நாள் காலை டொக்டர் கடைக்கு வந்தா. கையில் தாள். தன்னுடைய பெயர் கெட்டுப்போனதைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறா என்று நினைத்து, அதற்கு ஏற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கதிரையை இழுத்துப் போட்டேன். அவ இருக்கவில்லை.

"கடைசியா ஒரு பந்தி இருந்தது அண்ணை. அது எங்க?"

இடம் காணவில்லை என்றேன். கடைசி நேரத்தில் ஒரு நினைவஞ்சலி வந்தது, அதைத் தள்ள முடியாது, உங்களுக்கு எங்கட ஊர் வழக்கம் தெரியாது என்று விளக்கினேன். அவ தாளை மேசையில் விரித்து, மூலையில் விரலை வைத்தா.

"இதுக்கு இடம் இருந்திருக்கு."

அந்த விரலுக்குக் கீழே பணிஸ் சீனி. என் வாழ்க்கையில் நான் எழுதிய எதையும் யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அவ சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தன்னிலும் பிழை இருக்கிறது, முக்கியமானதைக் கடைசியில் வைத்தது தான்தான், முதலில் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னா. அது என்னை இன்னும் கூனிப்போக வைத்தது. உங்கட பெயரைப் பற்றி ஆஸ்பத்திரி வாசலில் சனம் என்னென்னவோ கதைக்கிறது, நான் எல்லோரிடமும் சொல்லுகிறேன் என்று தொடங்கினேன்.

"என்ர பேர் கிடக்கட்டும்," என்றா. "நோன்பு இன்னும் பாதி கிடக்கு. இந்தப் பேப்பரை ஒட்டி வச்சிருக்கிற வேற வீடுகள் எத்தினை? இண்டைக்குப் பின்னேரம் வேற ஆரும் விழுந்தா?"

இந்தக் கேள்வி எனக்கு வரவேயில்லை. இரவு முழுக்க நித்திரையில்லாமல் நான் யோசித்ததெல்லாம் என்னைப் பற்றி. யாருக்குத் தெரியவரும், நானா எழும்பி என்ன சொல்லுவார், வாசிகசாலைக்காரர் என்ன சொல்லுவார் என்று. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடலாம் என்று நினைத்திருந்தேன். அடுத்த இதழ் வரும்போது பெருநாளும் முடிந்திருக்கும்.

உடனே ஒரு திருத்தம் எழுதினேன். அவவின் கண்ணுக்கு முன்னாலேயே, தட்டச்சில் என் வேகத்தைக் காட்டி. இடமின்மை காரணமாகக் கட்டுரையின் ஒரு பகுதி இடம்பெறாது போய்விட்டது, தவறுக்கு வருந்துகிறோம் என்று. அவ வாசித்துவிட்டு, வருந்துகிறது எத்தனை பேர் என்று கேட்டா. நான்தான் என்றேன். அப்படியென்றால் அதை எழுதச் சொன்னா. இரண்டாம் தரம் எழுதும்போது, பழக்கதோஷம், இந்த ஆசிரியரின் கத்தரிக்கோலுக்கும் கிளினிக் போட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அவ சிரிக்கவில்லை. அந்த வரியின் மேல் பேனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு, தன்னுடைய பந்தி முழுவதையும் மேலே போடச் சொன்னா. என்னுடைய மன்னிப்பு கீழே. யாருக்கும் என் மன்னிப்பை வாசிக்க நேரமில்லாமல் போனாலும், குளிசையைப் பற்றியதை வாசிக்க வேண்டும் என்று.

மூன்றாம் தரம் எழுதினது இப்படி வந்தது: டொக்டர் எழுதியதை அவரிடம் கேட்காமல் நான் வெட்டினேன். அவர் எழுதியதில் பிழை இல்லை. பிழை என்னுடையது. என் பெயர்.

இதைவிடச் சின்னதாக நான் எதையும் எழுதியதில்லை. எழுதி முடிக்க ஒரு காலை முழுதும் போனது.

ஒரு பக்கத் தாளாக அடித்து, முதல் கொடுத்த இடங்களுக்கெல்லாம் நானே கொண்டு போனேன். தேத்தண்ணிக் கடைகளில் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை ஒட்டினேன். வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அது போதாது, தாள் வாசிக்காதவர்களும் வீட்டில் கேட்டுச் செய்திருப்பார்கள் என்று டொக்டர் சொன்னதால், பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் போனேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிய அறிவிக்க முடியுமா என்று கேட்டேன். அவர்கள் தாளை வாங்கி வாசித்தார்கள். ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அறிவிக்கலாம் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை நான் வெளியே வீதியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகாமல் இருந்திருக்கலாம், கால் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் முதலில் குளிசை விஷயம் நிதானமாக, இரண்டு தரம் வந்தது. நடுக்கம் வந்தால் நோன்பை விடலாம், அது குற்றமில்லை என்பதை மௌலவி தன்னுடைய சொல்லிலும் விளக்கினார். பிறகு என்னுடைய வரிகள். நான் வெட்டினேன், பிழை என்னுடையது என்பதை வேறொருவரின் குரலில், அதுவும் அவ்வளவு பெரிய குரலில், ஒரு ஊர் முழுக்கக் கேட்கிறபோது, பல்லைக் காட்டுவதா, தலையைக் குனிவதா என்று தெரியவில்லை. பக்கத்தில் மரக்கறி விற்றுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல் அவரிடம் அரைக்கிலோ வெண்டிக்காய் வாங்கினேன். எனக்கு வெண்டிக்காய் பிடிக்காது.

அந்த வாரமே கிளினிக்குக்கு ஆட்கள் குளிசைப் பையோடு வந்ததாக டொக்டர் சொன்னா. நானாவைப் போலவே போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிசியும் அதில் இருந்தாவாம்.

மூன்றாம் பக்கம் இப்போதும் வருகிறது. எச்சரிக்கை எதுவோ அது மேலே வரும். கட்டி முடித்த பக்கத்தை அச்செடுத்து டொக்டரிடம் கொண்டு போவேன், அவ கையெழுத்து வைத்தால்தான் அச்சுக்குப் போகும். நோன்பு, தவக்காலம் என்று எந்தச் சமயத்து விஷயம் வந்தாலும், அந்தச் சமயத்து ஆள் ஒருவரும் பார்ப்பார். இடம் காணாவிட்டால் முதலில் வெட்டுவது என்னுடையதை. போன மாதம் ஒருவர் சீனி வருத்தத்தை முற்றாக மாற்றும் தூள் என்று ஒரு விளம்பரம் கொண்டு வந்து, மூன்றாம் பக்கத்தில் டொக்டரின் கட்டுரைக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். முடியாது என்றேன். அவர் போன பிறகு எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு, முந்தி இதே ஆளின் தூளைப் போட்டவன் நானல்லவா என்று ஞாபகம் வந்தது.

நானா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுக்குப் போனேன். நெற்றியில் தையல் காய்ந்திருந்தது. டொக்டர் நோன்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் முகம் வாடி இருந்தார். நடந்ததைச் சொன்னேன், ஒலிபெருக்கியில் வந்ததையே திரும்பவும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு என்னைப் பாராமல் உள்ளே போனா. குடித்தேன், சீனி இல்லை. எனக்குச் சீனி வருத்தம் இல்லை என்பது அவவுக்குத் தெரியும்.

பெருநாள் முடிந்து கனநாள் கடைப்பக்கம் அவர் வரவில்லை. ஒருநாள் வந்தார், பழைய கதிரையில் இருந்தார், புதுத் தாளை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். அவர் திரும்பி வந்த சந்தோஷத்தில் நான் கதைத்துக்கொண்டே போனேன். இப்ப எல்லாம் சரியாகச் செய்கிறோம் நானா, நீங்கள் பயப்படாமல் வாசிக்கலாம், அப்பவும் என்னை நம்பித்தானே செய்தீர்கள், அந்த நம்பிக்கையை நான் மறக்க மாட்டேன் என்று.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"உங்களை ஆரு நம்பினது? டொக்டர் எழுதினது எண்டுதான் செஞ்சன். நீங்க கை வச்சதெண்டு தெரிஞ்சிருந்தா, மீன் சுத்தக்கூட எடுத்திருக்க மாட்டன்."